பன்னிரண்டு பிரேம்

நான் பொறாமைக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை எழுதுவது சுலபம்.

நான் சிட்னியில் ஒரு திரைப்படக் காப்பகத்தில் பழைய படங்களைப் பழுதுபார்க்கும் வேலை செய்து ஓய்வுபெற்றவன். போன மாதம் அங்கிருந்து கிளோயி என்ற பெண் மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். நான் போன பிறகு சேர்ந்தவள். நான் முன்பு பழுதுபார்த்த கூழைக்கடாப் படத்தை மறுபடி பெரிய திரையில் போடப்போகிறார்களாம். ஒலியையும் படத்தையும் பொருத்துவதற்கு இப்போது ஒரு மென்பொருள் வந்திருக்கிறதாம். எந்த இடத்தில் வெட்டு, எத்தனை பிரேம் காணவில்லை என்று அதுவே சொல்லிவிடுமாம். அந்தப் படத்தைக் கொடுத்துச் சோதித்தார்களாம். நீங்கள் வெறுங்கண்ணால் பிடித்த அதே பன்னிரண்டு பிரேமை அதுவும் பிடித்தது, அதை எப்படிப் பிடித்தீர்கள் என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும், படம் போடுகிற அன்று மேடையில் ஐந்து நிமிடம் பேசவும் வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

அந்தப் பன்னிரண்டு பிரேம்தான் அங்கே எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. பதவியும் வாங்கிக் கொடுத்தது. இரண்டும் எனக்கு உரியவை அல்ல. அதைத்தான் எழுதுகிறேன்.

என் படிப்பு பெரிய படிப்பு இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு தியேட்டரில் மூன்று வருடம் படம் ஓட்டினேன். சண்டை வந்து தியேட்டரை மூடினார்கள். சிட்னிக்கு வந்து பிலிம் கழுவும் இடத்தில் இரசாயனத் தொட்டிகளோடு ஒன்பது வருடம் நின்றேன். பிறகு காப்பகம். பிலிமைக் கையில் எடுத்தால் எவ்வளவு சுருங்கியிருக்கிறது, எத்தனை தரம் ஓடியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். சங்கீதம் மட்டும் அறவே தெரியாது. கோயிலில் பஜனைக்கு எல்லாரும் கைதட்டி முடித்த பிறகுதான் என் கை தட்டும். என் மனைவி சிவமலர் பக்கத்தில் நிற்கமாட்டாள்.

இப்படிப்பட்டவனிடம்தான் மிருகங்கள் ஆடிப் பாடும் கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன்கள் வந்து சேர்ந்தன. சினிமா பேச ஆரம்பித்த புதிதில் எடுத்தவை. ஒவ்வொன்றும் ஆறு ஏழு நிமிடம். கதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு பண்ணை இருக்கும், ஒரு குளம் இருக்கும். மாடு ஆடும். தவளை பாடும். ஆடு தகர டப்பாவை மெல்லும், அந்த மெல்லும் சத்தமும் தாளத்தோடு விழும். பின்னால் நிற்கும் மரம்கூட இடுப்பை ஆட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதையெல்லாம் காப்பாற்றி என்ன செய்யப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

ஆனால் அவை எடுக்கப்பட்ட முறை எனக்குப் பிடித்தது. அவற்றில் இசைதான் முதலில். சினிமாவில் ஒரு விநாடிக்கு இருபத்துநான்கு படம் ஓடும். ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். பாட்டின் வேகத்தை முதலிலேயே பிரேம் கணக்கில் முடிவு செய்துவிடுவார்கள். ஒரு தட்டுக்குப் பன்னிரண்டு பிரேம், வேகமான பாட்டென்றால் பத்து அல்லது எட்டு. வரைகிறவர்கள் அந்தக் கணக்குக்கு வரைவார்கள். மாட்டின் கால் பன்னிரண்டாவது பிரேமில் தரையில் விழுந்தால் அடுத்த கால் இருபத்துநான்காவதில் விழும். தவறாது. ஆகவே படமும் ஒலியும் விலகிப்போன ஒரு பிரதியைத் திரும்பப் பொருத்துவதற்குக் காது தேவையில்லை, எண்ணத் தெரிந்தால் போதும் என்பது என் கொள்கை. பத்து வருடம் அந்த இடத்தில் என்னை விட்டால் இந்த வேலைக்கு ஆள் இல்லை. எனக்கு அது நன்றாகவே இருந்தது.

எங்கள் பிரிவின் தலைவி ஹெலன். என் முழுப் பெயர் இராசகுலேந்திரன். அது அவருடைய வாயில் வராது, ராஜ் என்று முடித்துக்கொண்டார். ஹெலன் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் நாங்கள் ஒரு பரிசோதனை அட்டை எழுதவேண்டும். எந்த இடத்தில் கிழிசல், எந்த இடத்தில் ஒட்டு, ஒட்டில் எத்தனை பிரேம் போயிருக்கிறது, எல்லாம் அதில் இருக்கவேண்டும். ஹெலன் அந்த அட்டையை நின்றுகொண்டுதான் படிப்பார். ஒவ்வொரு வரியின் கீழும் விரலை வைத்துப் போவார். பிறகு அட்டையைக் கொண்டுவந்து நம் மேசையில் வைப்பார். எழுத்து மேலே தெரிய வைத்தால் சரி. கவிழ்த்து வைத்தால் பிழை. என்ன பிழை என்று சொல்லமாட்டார். நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஒருமுறை அப்படிக் கவிழ்த்து வைத்த அட்டையில் பிழையைத் தேடி இரண்டு நாள் செலவழித்தேன். கடைசியில் பார்த்தால் திகதி போடவில்லை.

அட்டையில் எழுதியதை யாரும் அழிக்கக்கூடாது. திருத்தம் என்றால் கீழே எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். படத்தை யாரும் மறுபடி ஆரம்பத்திலிருந்து பார்க்கமாட்டார்கள், அட்டையைத்தான் நம்புவார்கள் என்று ஹெலன் சொல்வார். அதனால் அட்டையில் பொய் எழுதுகிறவருக்கு இங்கே இடமில்லை என்றும் சொல்வார்.

பிறகு சரவணன் வந்தான்.

மதுரைக்காரன். என்னைவிடப் பன்னிரண்டு பதின்மூன்று வயது இளையவன். ஒலிப்பதிவுப் பொறியியல் படித்து, திறமை விசாவில் மனைவி கவிதாவோடும் கைக்குழந்தையோடும் வந்து ஸ்ட்ராத்ஃபீல்டில் வீடு எடுத்திருந்தான். வீட்டில் மிருதங்கம் வாசிப்பான். ஒலி வேலைக்கு அவனை எடுத்தார்கள். நான் பிலிமைப் பார்த்து அட்டை எழுதுவேன், அவன் ஒலியை எடுத்து அந்த அட்டைப்படி பொருத்துவான். இதுதான் ஏற்பாடு. அதுவரை இரண்டையும் நானே செய்துகொண்டிருந்தேன் என்பதை யாரும் எனக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

அவன் வந்த முதல் வாரம் நான் ஒரு தவளைப் படத்தை முடித்திருந்தேன். மூன்று நாள் வேலை. சரிபார்க்க ஓட்டிக்கொண்டிருந்தேன். அவன் தேநீர்க் கோப்பையோடு வாசலில் நின்றான். உள்ளே தேநீர் கொண்டுவரக்கூடாது.

"அண்ணே, தவளை ரெண்டு பிரேம் லேட்டா பாடுது."

"ஆர் சொன்னது?"

"கேக்குதுல்ல."

"எனக்குக் கேக்கேல்லை. நான் எண்ணித்தான் போட்டனான்."

"சரிண்ணே, எனக்குத்தான் அப்படித் தோணுதோ என்னமோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நான் கதவைச் சாத்திவிட்டு எண்ணினேன். ஒரு மணி நேரம் எண்ணினேன். முதல் தட்டு விழும் பிரேமை நான் தவறாக எடுத்திருந்தேன். இரண்டு பிரேம்தான் பிந்தியிருந்தது. அவன் வாசலில் நின்று தேநீர் குடித்துக்கொண்டு சொன்னதை, நான் ஒரு மணி நேரம் எண்ணி உண்மை என்று நிரூபித்தேன். என் பொறாமை அன்று தொடங்கியது. இன்றுவரை போகவில்லை.

எல்லாருக்கும் அவனைப் பிடித்தது. ஹெலன் அவன் சொல்கிற பகிடிக்குச் சிரிப்பார். என்னோடு பத்து வருடத்தில் ஒருமுறையும் சிரித்ததில்லை. நான் பகிடி விட்டதும் இல்லைத்தான். ஆனாலும் எரிந்தது. சனி ஞாயிறில் மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போனால் அங்கேயும் அவன்தான். பஜனையில் அவனைப் பாடச் சொல்வார்கள். பாடுவான். நன்றாகத்தான் பாடினான் என்று எல்லாரும் சொன்னார்கள். ஒருநாள் கோயில் உணவகத்தில் எங்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். திரும்பி வரும்போது காரில் சிவமலர் தொடங்கினாள்.

"அந்தப் பிள்ளையைக் கண்டால் என்னத்துக்கு மூஞ்சையைத் திருப்புறியள்?"

"நான் திருப்பேல்லை."

"தோசை முடியுமட்டும் நீங்கள் தோசையைத்தானே பாத்துக்கொண்டு இருந்தனீங்கள். அது அண்ணே அண்ணே எண்டு எவ்வளவு கதைச்சுது."

"அவன் எல்லாருக்கும் அண்ணே எண்டுதான் கதைப்பான். மதுரைக்காரங்கள் அப்பிடித்தான்."

"உங்களுக்கு எரிச்சல். வேறை ஒண்டுமில்லை."

"ஓம், எரிச்சல்தான். என்னை ரோட்டைப் பாத்துக் கார் ஓட விடு."

இப்படி நான்கு வருடம் போனது. அப்போதுதான் கூழைக்கடாப் படம் வந்தது.

யார் எடுத்த படம் என்று இன்றுவரை தெரியாது. தலைப்பு இருந்த முன்பகுதி போய்விட்டது. ஒரு மீன்பிடித் துறையில் பெரிய கூழைக்கடா ஒன்று நிற்கும். தன் அலகுப் பையைக் காற்றால் நிரப்பி, சிறகால் அமுக்கி அமுக்கி அதையே துருத்தி வாத்தியம்போல் வாசிக்கும். நண்டுகள் தகர டப்பா அடிக்கும். மீன்காரனின் கூடையிலிருந்து மீன்கள் எழுந்து வரிசையாக நடனமாடும். பிறகு கூழைக்கடா பாட்டை நிறுத்தாமலே அந்த மீன்களை ஒவ்வொன்றாக விழுங்கும். விழுங்கும் சத்தமும் தாளத்தில்தான்.

இரண்டு பிரதிகள் கிடைத்தன. ஒன்று உள்ளூர் மண்டபம் ஒன்றின் பழைய புரஜெக்டர் அறையில் கிடந்தது. படம் நல்லது, ஆனால் தண்ணீர் பட்டு ஒலிக்கோடு முழுவதும் போய்விட்டது. படத்தின் ஓரத்தில் ஓடுகிற மெல்லிய கோடுதான் ஒலி. அது போனால் படம் ஊமை. மற்றது மெல்பேர்னில் ஒருவருடைய கராஜில் இருந்தது. அதில் ஒலி நல்லது. படம் கீறலும் கிழிசலும். நல்ல படத்தோடு நல்ல ஒலியைச் சேர்க்கவேண்டும். பிரச்சினை என்னவென்றால் மெல்பேர்ன் பிரதி பல தடவை அறுந்து ஒட்டப்பட்டது. பிலிம் அறுந்தால் படம் ஓட்டுகிறவர் பிய்ந்த பிரேம்களை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டிவிடுவார். நானும் அப்படிச் செய்தவன்தான். வெட்டிய இடத்தில் படமும் போகும், அதோடு ஒலியும் போகும். எந்த இடத்தில் எத்தனை பிரேம் போயிருக்கிறது என்று முதல் பிரதியோடு ஒப்பிட்டு எண்ணி அட்டையில் எழுதினால்தான் சரவணன் அந்த அளவுக்கு இடைவெளி விட்டு ஒலியைப் போடமுடியும். மெல்பேர்ன் பிரதி இருந்த நிலையில் அதன் படத்தை ஸ்கேன் செய்ய ஹெலன் விடவில்லை. ஒலியை மட்டும் எடுத்தோம். அதனால் சரவணனுக்கு என் அட்டைதான் கண்.

அதே நேரத்தில் ஹெலன் மேலே போகிறார், பிரிவுக்குப் புதுப் பொறுப்பாளர் வேண்டும் என்று அறிவித்தார்கள். நானும் விண்ணப்பித்தேன், அவனும் விண்ணப்பித்தான். ஹெலன் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "இந்தப் படத்தில் உங்கள் வேலையைப் பார்ப்பேன்" என்றார். அவ்வளவுதான். போகச் சொல்லிவிட்டார்.

மெல்பேர்ன் பிரதியைச் சுற்றும் மேசையில் போட்டு, கையால் மெல்லச் சுற்றி, விரலை ஓரத்தில் வைத்துக்கொண்டே போனேன். ஒட்டு வந்தால் விரலில் தட்டும். தட்டிய இடத்தில் ஒரு சின்னக் காகிதத் துண்டைச் சுருளுக்குள் செருகி, அதில் காணாமல்போன பிரேம் எண்ணிக்கையை எழுதவேண்டும். அந்தத் துண்டுகளை எடுக்கக்கூடாது, அடுத்தவருக்காகச் சுருளிலேயே விடவேண்டும். முதல்நாள் பதினான்கு ஒட்டு. எல்லாம் அவசரக்காரர்கள் ஒட்டியது, கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கலாம்.

இரண்டாம்நாள் பதினைந்தாவது வந்தது. விரலில் கொஞ்சம்தான் பட்டது. யாரோ நல்ல வேலைக்காரன் ஒட்டியது. ஒட்டில் ஒலி "டப்" என்று வெடிக்காமல் இருக்க, ஒலிக்கோட்டில் சின்ன முக்கோணமாகக் கறுப்பு மையும் பூசியிருந்தான். முதல் பிரதியோடு ஒப்பிட்டு எண்ணினேன். பன்னிரண்டு. மறுபடி எண்ணினேன். பன்னிரண்டேதான். காகிதத் துண்டில் 12 என்று எழுதிச் செருகினேன்.

அந்தப் பாட்டின் வேகமும் ஒரு தட்டுக்குப் பன்னிரண்டு பிரேம்.

நான் உட்கார்ந்து யோசித்தேன். ஐந்து பிரேமோ ஏழு பிரேமோ போயிருந்தால் காலும் சத்தமும் விலகும், குழந்தைக்குக்கூடத் தெரியும். சரியாக ஒரு தட்டுப் போனால் அடுத்த தட்டு அதன் இடத்தில் வந்து நிற்கும். கூழைக்கடாவின் கால் விழும்போது சத்தமும் விழும். எல்லாம் சரிபோலக் கேட்கும். ஆனால் எந்த நண்டு எந்த டப்பாவை அடிக்கிறது, எந்த மீனை விழுங்கும்போது எந்தச் சத்தம் என்பதெல்லாம் ஒரு தட்டுத் தள்ளிப்போகும், அடுத்த ஒட்டு வரும்வரை. இதைக் காது பிடிக்காது, எண்ணிக்கைதான் பிடிக்கும் என்று நினைத்தேன். ஹெலன் முன்னால் ஓட்டும்போது ஏதோ பிசகு என்று அவருக்குத் தெரியும். அப்போது நான் எழுந்து எண்ணிக் காட்டுவேன். அட்டையில் ஏன் இல்லை என்று கேட்டால், இவ்வளவு நன்றாக ஒட்டியது முதல் தடவை விரலுக்குத் தப்பிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். காதை நம்பினால் இப்படித்தான் ஆகும் என்று சொல்லுவேன். அதை எந்த வார்த்தைகளில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்தேன்.

அட்டையில் பதினான்கு ஒட்டு எழுதினேன். பதினைந்தாவதை விட்டுவிட்டு அதற்குப் பிறகு வந்தவற்றை எழுதினேன். மறக்கவில்லை. எழுதவில்லை. முப்பது வருட வேலையில் அட்டையில் நான் சொன்ன ஒரே பொய் அது.

மூன்றாம் நாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், சரவணன் சுருளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தான்.

"அண்ணே, பாட்டு ஒரு எடத்துல நொண்டுது."

"நொண்டுறதோ? என்ன சொல்லுறாய்?"

"நாலு நாலா போய்ட்டே இருக்கு. நண்டு டப்பா அடிக்கிற எடத்துல திடீர்னு மூணுலயே முடிஞ்சு அடுத்தது ஆரம்பிச்சிருது. ஒரு அடியக் காணோம். எவனோ வெட்டியிருக்கான்."

தாளம் தெரிந்த ஒருவனுக்கு ஒரு தட்டுக் குறைவது படிக்கட்டில் ஒரு படி இல்லாதது மாதிரி என்பது அதுவரை எனக்குத் தெரியாது. படத்தைப் பார்க்கவே தேவையில்லை, பாட்டை மட்டும் கேட்டாலே அவன் தடுக்கி விழுவான். எனக்குக் கொஞ்சமாவது சங்கீதம் தெரிந்திருந்தால் இந்த வேலையைச் செய்திருக்கமாட்டேன். தெரியாதபடியால்தான் மறைப்பதற்கு அந்தப் பன்னிரண்டு பிரேமைத் தேர்ந்தெடுத்தேன்.

"அட்டையிலை அப்பிடி ஒண்டும் இல்லையே" என்றேன். என் வாய்தான் அதைச் சொன்னது.

"அட்டைல இல்லண்ணே. அதான் சுருளையே எடுத்துப் பாத்தேன்."

அந்தக் காகிதத் துண்டை என் மேசையில் வைத்தான். என் கையெழுத்தில் 12. ஒவ்வொரு ஒட்டுக்கும் துண்டு செருகிச் செருகிப் பழகிய கை. பொய்யை அட்டையில் வைத்தவனுக்குத் துண்டை எடுக்கத் தோன்றவில்லை.

"எழுத விட்டுட்டீங்க போல" என்றான்.

சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. கையிலிருந்த என் அட்டையைத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தான். கவிழ்த்து வைத்தான். பிறகு சாப்பிடப் போய்விட்டான்.

அவனுக்கு எல்லாம் தெரியும் என்பது அந்த அட்டை இருந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்தது. நான் அட்டையை நிமிர்த்தி, அடியில், விதிப்படி, "மேலும் ஓர் ஒட்டு, பன்னிரண்டு பிரேம்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். யார் கண்டுபிடித்தது என்று எழுதவில்லை.

ஹெலன் அட்டையைப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது. அட்டையை நிமிர்த்தி என் மேசையில் வைத்து, அதன்மேல் இரண்டு முறை தட்டினார். அவர் அப்படித் தட்டியதை நான் பார்த்ததே இல்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எடுத்தார். "இவ்வளவு நன்றாக மறைத்த ஒட்டு. சரியாக ஒரு தட்டு. எந்தக் காதும் இதைப் பிடித்திராது. ராஜ் தன் அட்டையைத் தானே இரண்டாம் முறை சரிபார்த்திருக்கிறார். இந்தப் பிரிவுக்கு அப்படிப்பட்ட ஒருவர்தான் வேண்டும்."

எந்தக் காதும் பிடித்திராது என்று அவர் சொன்னபோது அந்தக் காதுக்குச் சொந்தக்காரன் எனக்கு எதிர்க் கதிரையில் உட்கார்ந்திருந்தான். தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறந்தால் முடிந்துவிடும். ஒரு வாக்கியம் போதும். நான் ஹெலனுக்கு நன்றி சொன்னேன்.

பதவி எனக்குக் கிடைத்தது. படத்தைச் சிட்னியில் பெரிய மண்டபத்தில் போட்டபோது மேடையில் ஏறி அறிமுகம் செய்தது நான். கூழைக்கடா மீன்களை விழுங்கியபோது மண்டபம் குலுங்கிச் சிரித்தது. கடைசி வரிசையில் சரவணன் மனைவியோடும் மகளோடும் உட்கார்ந்திருந்தான். மகள் கைதட்டினாள், தாளம் தவறாமல். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு பதினொரு வருடம் நான் அவனுக்கு மேலதிகாரி. இதில் எனக்கு நிம்மதி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். வரவில்லை. திருடிய செருப்பைப் போட்டுக்கொண்டு செருப்பின் சொந்தக்காரனோடு தினமும் நடப்பதுபோல் இருந்தது. அதற்கும் அவன்மேல்தான் கோபம் வந்தது. பொங்கலுக்கு லீவு கேட்டால் கடைசி நாள்வரை கையெழுத்து வைக்கமாட்டேன். நல்ல பாட்டுப் படங்கள் வந்தால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, அவனுக்குச் சவர்க்கார விளம்பரங்களைக் கொடுப்பேன். அவன் சவர்க்கார விளம்பரத்தையும் அருமையாகச் செய்து தருவான். நான் நன்றாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒருநாள் அவன் மெல்பேர்னில் ஒரு கல்லூரியில் ஒலி சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்து, ஸ்பிரிங்வேல் பக்கம் வீடும் பார்த்துவிட்டுப் போனான். பிரியாவிடைக்கு நான் போகவில்லை. தலையிடி என்று சொன்னேன்.

கிளோயியின் மின்னஞ்சலை இரண்டு வாரம் திறந்து திறந்து பார்த்தேன். சிவமலரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள், கத்தியைக் கீழே வைத்தாள்.

"இவ்வளவு காலமும் அந்தப் பிள்ளையின்ரை வேலையையோ செய்தனீங்கள்?"

"ஓம்."

"இப்ப மேடையிலை ஏறி என்ன சொல்லப்போறியள்?"

"தெரியேல்லை."

"போனை எடுங்கோ" என்றாள்.

எடுத்தேன். அவன் எடுத்தவுடன், "அண்ணே! எப்படி இருக்கீங்க? அக்கா சௌக்கியமா?" என்றான். குரல் மாறவேயில்லை. நான் சுற்றி வளைக்கவில்லை.

"சரவணன், அந்தப் பன்னிரண்டு பிரேமை நான் மறக்கேல்லை. தெரிஞ்சுகொண்டுதான் எழுதாமல் விட்டனான்."



"தெரியும்ணே."

"தெரிஞ்சும் ஏன் ஹெலனிட்டைச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா அந்தம்மா எல்லாத்தையும் நிறுத்தியிருக்கும். ஒரு அட்டை பொய்யின்னா நீங்க எழுதுன அத்தனை அட்டையையும் மறுபடி பாருன்னு சொல்லியிருக்கும். ஆயிரம் அட்டை. கூழைக்கடா எங்கயாவது மூலையில கெடந்திருக்கும். எனக்கு அந்தப் பாட்ட முழுசா கேக்கணும்னு இருந்துச்சு."

"அந்தப் பதவி?"

"வேணும்னுதான் இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு வருஷம் உங்க மூஞ்சியப் பாக்கவே பிடிக்கல. கவிதா இன்னைக்கும் உங்கள நல்ல வார்த்தைல சொல்ல மாட்டா." சிரித்தான். "சோப்பு விளம்பரம் வந்தா இப்பவும் டிவிய அமத்திருவா."

நான் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது பழக்கமில்லை, சரியாகவும் வரவில்லை. இதையெல்லாம் தமிழில் எழுதி ஒரு சஞ்சிகையில் போடப்போகிறேன் என்றும் சொன்னேன்.

"போடுங்க. அட்டையத் திருத்தியாச்சா?"

"இல்லை."

"மொதல்ல அதப் பண்ணுங்கண்ணே. பத்திரிகைல நாலு தமிழ்க்காரங்க படிப்பாங்க. அடுத்து வேலைக்கு வர்றவன் அட்டையைத்தான பாப்பான்."

போனை வைத்த பிறகு எனக்கு அவன்மேல் முன்னைவிட அதிகம் பொறாமை வந்தது. நான் அந்தப் படத்தின் ஒவ்வொரு பிரேமையும் எண்ணியிருக்கிறேன். அந்தப் பாட்டைக் கேட்கவேண்டும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. அவன் அதற்காக ஒரு பதவியை விட்டுவிட்டு, என் முகத்தையும் பதினொரு வருடம் பொறுத்துக்கொண்டிருக்கிறான். காதுக்குப் பொறாமைப்பட்டதற்காவது ஒரு அளவு இருந்தது. இதற்கு அளவே இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காப்பகத்துக்குப் போனேன். கிளோயி அட்டையைக் கண்ணாடித் தாள் உறையில் போட்டுக் கொண்டுவந்தாள். பரிசோதனை அறையில் ஒரு கதிரை தந்தாள். என் பழைய வரிக்குக் கீழே ஆங்கிலத்தில் இப்படி எழுதினேன்: இந்த ஒட்டு முதல் பரிசோதனையிலேயே கண்டுகொள்ளப்பட்டு, வேண்டுமென்றே பதியாமல் விடப்பட்டது. பாட்டைக் கேட்டு இதைக் கண்டுபிடித்தவர் சரவணன். கையெழுத்தும் திகதியும் போட்டேன்.

கிளோயி நின்றுகொண்டே படித்தாள். முகம் சிவந்தது.

"இதை நான் மேலே அனுப்பவேண்டும்" என்றாள்.

"அனுப்பு."

"உங்கள் மற்ற அட்டைகளையும் மறுபடி பார்க்கச் சொல்வார்கள்."

"பார்க்கட்டும். அவை சரியாக இருக்கும். இருந்தாலும் பார்க்கட்டும்."

அவள் அட்டையை உறையில் போட்டாள். நான் எழுந்தேன். மேடைப் பேச்சைப் பற்றி அவள் கேட்பாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன், அதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். இவ்வளவுக்குப் பிறகும், நீங்களே பேசுங்கள் என்று சொல்லிவிடுவாளோ என்று எதிர்பார்த்தேன்.

அவள் கதவுவரை வந்தாள். "படத்தையே பார்க்காமல் ஒரு தட்டுக் குறைவதைக் கேட்டாரா? அப்படியும் ஒருவரால் முடியுமா?" என்று கேட்டாள். கண்கள் விரிந்திருந்தன. பத்து வருடம் யாராவது என் எண்ணிக்கையைப் பற்றி அப்படிக் கேட்பார்கள் என்று நான் காத்திருந்த கண்கள்.

"அவரால் முடியும்" என்றேன்.

"அவர் எங்கே இருக்கிறார்? மேடையில் பேச வருவாரா? அவருடைய தொலைபேசி எண் உங்களிடம் இருக்கிறதா?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. ஒரு விநாடி, அதாவது இருபத்துநான்கு பிரேம், நின்றேன். பிறகு போனை எடுத்து எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். வயிறு எரிந்துகொண்டுதான் சொன்னேன். சரியாகச் சொன்னேன்.